20 வெற்றி, 134 தோல்வி: 1899 கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸை வரலாற்றின் மிக மோசமான அணி என்பது நியாயமா?

(ஏட்டுக்கணக்கு, ஒன்பதாம் இன்னிங்ஸ், கடைசி வரிசை, வாசகி என்ற புனைபெயர்களில் நான்கு பேர் நடத்தும் விவாதம்.)

ஏட்டுக்கணக்கு:

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்குகளில் மிக மோசமான அணி எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் 1899ஆம் ஆண்டின் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் பெயரே முதலில் வருகிறது. 154 ஆட்டங்களில் 20 வெற்றி, 134 தோல்வி. முதலிடம் பெற்ற புரூக்ளினை விட 84 ஆட்டங்கள் பின்தங்கி, பதினோராம் இடத்தில் இருந்த வாஷிங்டனைக்கூட 35 ஆட்டங்கள் தொலைவில் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு அணிகள் ஆடிய நேஷனல் லீக்கில் கடைசியாக, பன்னிரண்டாவதாக முடித்த அணி அது. இந்த எண்களில் பிழை இல்லை. ஆனால் இவற்றை ஓர் அணியின் திறமைக்கான அளவாக எடுத்துக்கொள்வது தவறு என்பது என் வாதம்.

முந்தைய ஆண்டில் இதே கழகம் 81 ஆட்டங்களில் வென்று ஐந்தாம் இடத்தில் இருந்தது. சை யங், ஜெஸ்ஸி பர்கெட், பாபி வாலஸ் போன்ற பெயர்பெற்ற வீரர்கள் அதில் ஆடினார்கள். உரிமையாளர்களான ஃபிராங்க், ஸ்டான்லி ராபிசன் சகோதரர்கள் 1899 தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் கழகத்தையும் கையகப்படுத்தினார்கள்; கிளீவ்லாந்தின் நல்ல வீரர்கள் அனைவரையும், மேலாளர் பாட்ஸி டெபோ உட்பட, அங்கே மாற்றினார்கள்; செயின்ட் லூயிஸில் மிஞ்சியவர்களைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பினார்கள். கிளீவ்லாந்து அணியை ஒரு பக்கக் காட்சியாகவே நடத்தப்போவதாக ஸ்டான்லி ராபிசன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். உரிமையாளரே ஒப்புக்குச் சப்பாணியாக நிறுத்திய ஓர் அணியை, வெல்ல முயன்று தோற்ற அணிகளின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

மறுக்கிறேன். முயன்றதா இல்லையா என்பதை உரிமையாளரின் பேச்சை வைத்து முடிவு செய்ய முடியாது. மைதானத்தில் இறங்கிய ஒன்பது பேரும் சம்பளம் வாங்கிய தொழில்முறை வீரர்கள். அவர்களை வென்ற அணிகளுக்கு அந்த வெற்றிகள் புள்ளிப் பட்டியலில் முழுமையாகவே சேர்ந்தன. அந்த 154 ஆட்டங்களைப் போலி என்று ஒதுக்கினால், ஒவ்வோர் அணியும் கிளீவ்லாந்தோடு ஆடிய 14 ஆட்டங்களையும் ஒதுக்க வேண்டும். புரூக்ளினின் 101 வெற்றிகளையும் குறைத்து எழுத வேண்டும். அதற்கு நீங்கள் தயாரா?

இரண்டாவதாக, எல்லாப் பழியையும் ராபிசன்கள் தலையில் போடுவது எளிது. அவர்கள் கிளீவ்லாந்தின் டிராம் வண்டித் தொழிலதிபர்கள். தங்கள் தடத்தை ஒட்டியே 1891இல் லீக் பார்க் மைதானத்தைக் கட்டியவர்கள். அணியை வளர்ப்பதில் அவர்களுக்கு இரட்டை ஆதாயம் இருந்தது: நுழைவுச்சீட்டிலும் வருமானம், டிராம் கட்டணத்திலும் வருமானம். அப்படிப்பட்டவர்கள் ஏன் வெறுத்துப்போனார்கள்? 1895இல் பால்டிமோரை வீழ்த்தி, சீசன் இறுதிக் கோப்பையான டெம்பிள் கோப்பையை வென்ற அணிக்கே அந்த நகரம் போதிய கூட்டம் தரவில்லை. உழைக்கும் மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளான ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் நடத்த 1897 மே மாதம் முயன்றபோது, முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் காவல் துறை வீரர்களைக் கைது செய்தது. இளம் பந்துவீச்சாளர் ஜாக் பவல் மீது வழக்கு நடந்து, அபராதமும் விதிக்கப்பட்டது. செயின்ட் லூயிஸ் கிளீவ்லாந்தை விடப் பெரிய நகரம். ஞாயிறு ஆட்டத்துக்கு அங்கே தடை இல்லை. முதலீட்டாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது வெளிப்படை.

கடைசி வரிசை:

நகரத்தின் மீது பழி சுமத்தும் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. ஏப்ரல் 15ஆம் தேதி சீசனின் தொடக்க ஆட்டமே கிளீவ்லாந்துக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையில், செயின்ட் லூயிஸில் நடந்தது. எதிரணிக்காகப் பந்து வீசியவர் சை யங். 1890 முதல் கிளீவ்லாந்து ரசிகர்கள் தங்களவர் என்று கொண்டாடியவர். முடிவு 10-1. இந்தச் செய்தியை மறுநாள் படித்துவிட்டு, அதே உரிமையாளரின் பெட்டிக்குக் காசு போடக் கிளீவ்லாந்து ரசிகன் ஏன் மைதானத்துக்குப் போக வேண்டும்?

முதல் 16 உள்ளூர் ஆட்டங்களுக்கு மொத்தமாக வந்தவர்கள் 3,179 பேர். ஒன்பதாயிரம் பேர் அமரக்கூடிய மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இருநூறு பேர் என்றால், ஒருவர் மூன்றாம் தளத்தின் (பேஸ்) பின்னால் இருமினால் முதல் தளக்காரருக்குக் கேட்டிருக்கும். அதை ஆர்வக்குறைவு என்பீர்களா, புறக்கணிப்பு என்பீர்களா? பணம் கொடுப்பதை நிறுத்துவதைத் தவிர ரசிகர்களின் கையில் அன்று வேறு ஆயுதம் இல்லை. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்தவரிடம் போய் விசுவாசம் காட்டச் சொல்வது வேடிக்கை.

ஏட்டுக்கணக்கு:

அந்த 3,179 என்ற எண்ணுக்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த சீசனின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வருமானத்தில் வருகை தரும் அணிக்கும் ஒரு பங்கு உண்டு. இருநூறு பேர் கொடுத்த காசின் பங்கு, வெளியூர் அணியின் ரயில் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் அருகில்கூட வரவில்லை. அதனால் மற்றக் கழகங்கள் கிளீவ்லாந்துக்கு வர மறுத்தன. ஸ்பைடர்ஸே ஊர் ஊராகப் போய் ஆட வேண்டியதாயிற்று. ஜூலை 1க்குப் பிறகு அவர்கள் சொந்த மைதானத்தில் ஆடியவை வெறும் எட்டு ஆட்டங்கள். பத்திரிகைகள் அவர்களை நாடோடிகள் என்றும் நாடு கடத்தப்பட்டவர்கள் என்றும் எழுதத் தொடங்கின. சீசன் முழுவதும் உள்ளூரில் 42, வெளியூரில் 112 ஆட்டங்கள். உள்ளூரில் 9 வெற்றி, 33 தோல்வி. வெளியூரில் 11 வெற்றி, 101 தோல்வி. இன்றைய அட்டவணையில் ஓர் அணி வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டங்கள்தான் என்பதால், அந்த 101 என்ற எண்ணை எவராலும் இனித் தொட முடியாது.

தோல்விகள் தோல்விகளைப் பெற்றெடுத்த விதம் இது: வீரர்கள் போனதால் கூட்டம் போனது, கூட்டம் போனதால் சொந்த மைதானம் போனது, மைதானம் போனதால் மீதியிருந்த வெற்றிகளும் போயின. வேறெந்த மோசமான அணிக்கும் இப்படி நடந்ததில்லை.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

அழகான சங்கிலிதான், ஆனால் அதன் கடைசிக் கண்ணி பலவீனமானது. உள்ளூரில் 9-33, வெளியூரில் 11-101 என்ற வேறுபாட்டைப் பயணத்தின் விளைவு என்கிறீர்கள். உள்ளூர் ஆட்டங்களில் பெரும்பாலானவை சீசனின் முற்பகுதியில் நடந்தன என்று நீங்களே சொல்லியும் விட்டீர்கள். முற்பகுதியில் மேலாளராகவும் மூன்றாம் தளக்காரராகவும் இருந்தவர் லேவ் கிராஸ், அந்த அணியின் சிறந்த மட்டையாளர். அவருடைய தலைமையில் 8 வெற்றி, 30 தோல்வி. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜோ குவின் காலத்தில் 12 வெற்றி, 104 தோல்வி. எனவே சரிவுக்குக் காரணம் பயணமா, ஆள் குறைந்ததா என்பதை இந்த எண்களைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

வாசகி:

பிரித்தறிய வேண்டிய தேவையே இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டுமே ஒரே கை செய்த வேலை. லேவ் கிராஸ் தானாகப் போகவில்லை. ஜூன் மாதத்தில் ராபிசன்கள் அவரைச் செயின்ட் லூயிஸுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பந்துவீச்சாளர் வில்லி சட்ஹாஃப் ஓரளவு நன்றாக வீசியதும் அவரையும் அழைத்துக்கொண்டார்கள். கிளீவ்லாந்தில் ஒருவர் நன்றாக ஆடினால் அதற்குக் கிடைத்த பரிசு கிளீவ்லாந்திலிருந்து விடுதலை. கிராஸ் இருந்தவரை அந்த அணி ஐந்தில் ஒன்றை வென்றுகொண்டிருந்தது. அதே வேகத்தில் போயிருந்தால் சீசன் முடிவில் முப்பத்திரண்டு வெற்றிகள் வந்திருக்கும். மோசம்தான், ஆனால் புராணமாகும் அளவுக்கு மோசமில்லை. அவர் போன பின் பத்தில் ஒன்று என்றானது. கடைசி 41 ஆட்டங்களில் 40 தோல்வி. இடையில் தொடர்ச்சியாக 24 தோல்வி.

இந்த இடத்தில் ஜோ குவின் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் பிறந்த அவர், ஆட்டம் இல்லாத காலத்தில் செயின்ட் லூயிஸில் ஈமச்சடங்குத் தொழில் செய்தவர். அந்தப் பொறுப்புக்கு அவரை விடத் தகுதியானவர் கிடைத்திருக்க மாட்டார்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

நகைச்சுவையை ரசித்தேன். ஆனால் என் அடிப்படைக் கேள்விக்கு விடை வரவில்லை. ஒரே உரிமையில் இரண்டு கழகங்கள் என்பது 1899இல் லீக் விதிகளுக்கு உட்பட்டே நடந்தது. பால்டிமோரும் புரூக்ளினும் அதே ஆண்டில் அதே முறையில் இணைக்கப்பட்டன. மேலாளர் நெட் ஹான்லன், வில்லி கீலர், ஜோ கெல்லி, ஹியூகி ஜென்னிங்ஸ் ஆகியோர் பால்டிமோரை விட்டுப் புரூக்ளின் சென்றார்கள். அப்படிக் கறக்கப்பட்ட பால்டிமோர் என்ன ஆனது? 86 வெற்றிகளோடு நான்காம் இடம். ராபிசன்களின் செல்லப்பிள்ளையான செயின்ட் லூயிஸே 84 வெற்றிகளோடு அதற்கு அடுத்துத்தான் வந்தது. ஆகவே, ஆட்களை இழந்தால் அழிவு நிச்சயம் என்பது பொய். மனம் வைத்தால் மீதமிருப்பவர்களைக் கொண்டும் ஆட முடியும். ஸ்பைடர்ஸால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏட்டுக்கணக்கு:

பால்டிமோரை எடுத்துக்காட்டியதற்கு நன்றி. அது என் பக்கமே சாய்கிறது. பால்டிமோரில் ஜான் மெக்ராவும் வில்பர்ட் ராபின்சனும் புரூக்ளினுக்குப் போக மறுத்தார்கள். அந்நகரில் இருவரும் சேர்ந்து ஓர் உணவகம் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். அதனால் அங்கே .391 சராசரி எடுத்த ஒரு மட்டையாளரும் அனுபவமிக்க ஒரு பின்காப்பாளரும் (கேட்சர்) நின்றார்கள். ஜோ மெக்கினிட்டி என்ற புதிய பந்துவீச்சாளர் 28 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அவர்களைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போக யாரும் வரவில்லை. கிளீவ்லாந்தில் மிஞ்சிய மெக்ரா யார்? ஜிம் ஹியூயி 4 வெற்றி, 30 தோல்வி. சார்லி நெப்பர் 4 வெற்றி, 22 தோல்வி. அணியிலேயே அதிக வெற்றி பெற்ற பந்துவீச்சாளர்கள் இவர்கள் இருவரும்தான். அதற்குப் பின் இன்றுவரை பெரிய லீக்குகளில் எந்தப் பந்துவீச்சாளரும் ஒரே சீசனில் 30 ஆட்டங்கள் தோற்றதில்லை. ஹியூயி திறமையற்றவராக இருந்திருக்கலாம், ஆனால் முப்பது தோல்வி வரும் வரை ஒருவரைத் தொடர்ந்து வீசவிட்டது, மாற்று ஆளுக்குச் செலவு செய்ய விரும்பாத நிர்வாகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1898இல் கிளீவ்லாந்து 81, செயின்ட் லூயிஸ் 39; இரண்டும் சேர்ந்து 120 வெற்றி. 1899இல் செயின்ட் லூயிஸ் 84, கிளீவ்லாந்து 20, சேர்ந்து 104. ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்தினார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். உயர்ந்தது 45, தாழ்ந்தது 61. இடம் மாற்றியதில் 16 வெற்றிகள் வழியிலேயே சிந்திப்போயின. அத்தனை பெரிய பெயர்களையும் ஒரே அணியில் குவித்து, பழைய கிளீவ்லாந்து பிடித்த அதே ஐந்தாம் இடத்தைத்தான் பிடித்தார்கள்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

வெற்றிகளை எண்ணுகிறீர்கள், ராபிசன்கள் தலைகளை எண்ணினார்கள். செயின்ட் லூயிஸுக்கு அந்த ஆண்டு மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் வந்தார்கள். கிளீவ்லாந்துக்கு ஆண்டு முழுவதும் வந்தவர்கள் 6,088 பேர். அவர்களுடைய கணக்கில் இடமாற்றம் வெற்றிதான்.

கடைசி வரிசை:

அந்த 6,088 என்ற எண்ணை உருவாக்கியவர்களும் அவர்களேதான் என்பதை மறக்கக் கூடாது. மேலும், அந்தக் கணக்கு எத்தனை நாள் நின்றது? 1899 முடிந்ததும் நேஷனல் லீக் நான்கு கழகங்களைக் கழித்துவிட்டது: கிளீவ்லாந்து, பால்டிமோர், வாஷிங்டன், லூயிவில். காலியான கிளீவ்லாந்தில் போட்டி லீக்கான அமெரிக்கன் லீக் நுழைந்து, 1901 முதல் பெரிய லீக்காகவே தன்னை அறிவித்துக்கொண்டது. அதே ஆண்டில் சை யங் செயின்ட் லூயிஸை விட்டுப் பாஸ்டனின் அமெரிக்கன் லீக் அணிக்குப் போய்விட்டார். கிளீவ்லாந்தில் பேஸ்பாலுக்கு ஆதரவில்லை என்றவர்கள் கவனிக்க வேண்டும்: அன்று அங்கே வேரூன்றிய கழகம் இன்றும் அங்கேதான் ஆடுகிறது.

வாசகி:

அக்டோபர் 15ஆம் தேதி, சின்சினாட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் 16-1 என்று தோற்ற பின், சீசனின் கடைசி ஆட்டத்தில் ஸ்பைடர்ஸுக்காகப் பந்து வீசியவர் எடி கோல்ப் என்பவர். அவர் விடுதியில் சுருட்டு விற்கும் மேசையில் வேலை பார்த்தவர். ஆட்டம் 19-3 என்று முடிந்தது. "சம்பளம் வாங்கிய தொழில்முறை வீரர்கள்" என்று மேலே சொன்ன நண்பர், இந்த ஆட்டத்தை எந்தக் கணக்கில் வைப்பார்?

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

சின்சினாட்டி வென்ற கணக்கில் வைப்பேன். அன்று மறுமுனையில் மட்டை பிடித்தவர்கள் நாடகம் ஆடவில்லை. உரிமையாளர்கள் செய்தது இழிவான செயல் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால் அந்த அணி மோசமான அணி இல்லை என்று ஆகிவிடாது என்றுதான் சொல்கிறேன். ஏன் மோசமானது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு மோசம் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை 20-134.

ஏட்டுக்கணக்கு:

அந்த 134ஐ நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 1962இல் 120 ஆட்டங்கள் தோற்ற நியூயார்க் மெட்ஸுக்கும், 2024இல் 121 தோற்ற சிகாகோ வைட் சாக்ஸுக்கும் பக்கத்தில் அதை ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். அந்த இரண்டு அணிகளிலும் நன்றாக ஆடியவனை அதே லீக்கில் உள்ள இன்னோர் அணிக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையாளர் இருக்கவில்லை. ஸ்பைடர்ஸுக்கு இருந்தார். பட்டியலில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் ராபிசன் சகோதரர்களின் பெயரையும் அச்சிட்டால், எனக்கு மறுப்பு இல்லை.