மோவாப்பில் 317 மைல் பாதையை மூடியது நியாயமா? பொது நிலத்தில் சைடு-பை-சைடு ஓட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி

செம்மண்சாலை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் பக்கம் போய் சைடு-பை-சைடு (கரடுமுரடான மண்பாதையில் ஓடும், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன வண்டி) வாடகைக்கு எடுத்து ஓட்டுவது வழக்கம். 2023 செப்டம்பரில் பிஎல்எம் (மத்திய அரசின் பொது நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் துறை) அங்கே லாபிரிந்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் வட்டாரத்துக்குப் புதிய திட்டம் போட்டு, சுமார் 1,100 மைல் பாதைகளில் 317 மைலை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிட்டது. கேன்யன் (ஆழமான பாறைப் பள்ளத்தாக்கு) விளிம்பில் போகிற பாதைகள் சிலவும் அதில் போய்விட்டன.

எனக்கு இது உறுத்துகிறது. நடக்கிறவர்களுக்கு ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று இரண்டு நேஷனல் பார்க் பக்கத்திலேயே இருக்கின்றன. பிஎல்எம் நிலம் வரி கட்டுகிற எல்லோருக்கும் பொது. என் மாமனாருக்கு முழங்கால் தேய்மானம், வண்டி இல்லாவிட்டால் அந்த விளிம்பில் நின்று கீழே ஆற்றைப் பார்த்திருக்கவே மாட்டார். விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை வைத்து ஒரு பாதையைத் திறக்கிறார்கள், எதை வைத்து மூடுகிறார்கள்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

துடுப்பு:

அந்தத் திட்டத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். லாபிரிந்த் கேன்யனுக்குள் கிரீன் ஆறு அலையே இல்லாமல் போகும். கிரீன் ரிவர் ஊரில் கனூ படகை இறக்கினால் மினரல் பாட்டம் என்ற இறங்குதுறை வரை நாலைந்து நாள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டும் போகலாம். அங்கே போகிறவர்கள் போவதே அந்த அமைதிக்காகத்தான். மேலே விளிம்பில் ஒரு வண்டி ஓடினால் போதும், இரண்டு பக்கமும் பாறைச் சுவர் என்பதால் அந்தச் சத்தம் கீழே அப்படியே நிற்கும். வண்டியில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எதை வைத்து என்று கேட்டீர்கள். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் 11644 என்ற எண்ணுள்ள உத்தரவைப் போட்டார். மண்ணுக்கும் செடிக்கும் நீர்ப்பிடிப்புக்கும் வரும் சேதம், விலங்குகளுக்கு வரும் தொந்தரவு, அதே இடத்துக்கு வருகிற மற்றவர்களோடு ஏற்படும் மோதல் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளும்படிதான் வண்டிப் பாதைகளை ஒதுக்க வேண்டும் என்கிறது அது. 1977ல் கார்ட்டர் இன்னொரு உத்தரவில், பெரிய சேதம் நடப்பது தெரிந்தால் அந்த இடத்தை உடனே மூடு என்று சேர்த்தார். மோவாப் வட்டாரத்துக்கு 2008ல் போட்ட பழைய திட்டம் இதையெல்லாம் சரியாகப் பார்க்கவில்லை என்று வழக்குப் போட்டு, 2017ல் சமரசமாகி, அதன்படி வந்ததுதான் நீங்கள் சொல்லும் 2023 திட்டம். யாரோ திடீரென்று பிடுங்கியதல்ல. 800 மைலுக்கு மேல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

மணல்காற்று:

நான் தெற்கு கலிபோர்னியாவில் ஓட்டுகிறவன். செம்மண்சாலை, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒழுங்குபடுத்துவது என்றாலே நம்மை விரட்டுவது என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. கிளாமிஸ் மணல்மேடுகளைப் பாருங்கள். நெடுஞ்சாலை 78க்கு வடக்கே பெரும்பகுதி 1994 சட்டப்படி வில்டர்னஸ், வண்டியே கூடாது. தெற்கே பெரும்பகுதி திறந்தவெளி, தாங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். நடுவில் 2000ஆம் ஆண்டு பியர்சன் மில்க்வெட்ச் என்ற ஒரு செடிக்காகச் சுமார் 49,000 ஏக்கரைத் தற்காலிகமாக மூடியபோது எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். 2013ல் வந்த திட்டம் அதில் பெரும்பங்கைத் திரும்பத் திறந்து, அந்தச் செடி முக்கியமாக வளரும் இடங்களை மட்டும் மூடி வைத்தது. இதற்குப் பல வருடம் ஆனது, ஆனாலும் இதுதான் வழி என்று நினைக்கிறேன்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு ஒன்று. பலகை இல்லாத தடம் திறந்த தடமா, மூடிய தடமா? பழைய நாளில் 'மூடியது' என்று பலகை இருந்தால்தான் மூடியது. ஒருவன் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டால் அடுத்து வருகிறவன் அது திறந்த பாதை என்று நினைத்துப் போவான், பத்து வண்டி போனால் அதுவே பாதையாகிவிடும். 2005ல் தேசியக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபாரஸ்ட் சர்வீஸ் இதைத் திருப்பிப் போட்டது. வரைபடத்தில் இருந்தால் மட்டுமே ஓட்டலாம், இல்லையென்றால் மூடியது. ஒவ்வொரு காட்டுக்கும் அந்த வரைபடம் இலவசம். பிஎல்எம் நிலத்தில் திறந்தது, கட்டுப்பாடுள்ளது, மூடியது என்று மூன்று வகை உண்டு, ஆனால் எங்கள் பாலைவனத்தில் பல இடங்களில் தரையில் நிற்கும்போது எது எந்த வகை என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிஎல்எம் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது, காவலுக்கு இருக்கும் ரேஞ்சர்கள் சில நூறு பேர்தான். இப்படி இருக்கும்போது வரைபட விதி ஒன்றுதான் நேர்மையாக ஓட்டுகிறவனைக் காப்பாற்றும், தப்பு செய்கிறவன் சாக்குச் சொல்லவும் முடியாது.

வேர்க்கால்:

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. மோவாப் பக்கம் தரையில் கருத்துப்போய் மேடுபள்ளமாக ஒரு தோல் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிர்கள், லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள அடுக்கு அது. ஒரு டயர் ஏறினால் உடைந்துவிடும், மறுபடி முழுதாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். உடைந்த இடத்தில் மண் காற்றோடு போய்விடும். மொஹாவே பாலைவனத்தில் ஜெனரல் பேட்டன் தொடங்கி 1942 முதல் 1944 வரை நடந்த ராணுவப் பயிற்சி முகாமில் ஓடிய டாங்கிகளின் தடம் இன்றும் தெரிகிறது. அது டாங்கி, உங்களுடையது சின்ன வண்டி, சரிதான். ஆனால் டாங்கிகள் இரண்டு வருடத்தில் போய்விட்டன, சின்ன வண்டிகள் ஒவ்வொரு வாரக் கடைசியும் வருகின்றன.

மொஹாவேயில் பாலைவன ஆமை 1990 முதல் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வளை தோண்டி வாழ்கிற பிராணி, பாதையை விட்டு நாலடி விலகி ஓட்டினாலும் வளை இடிந்துபோகலாம். இதில் நான் சமரசத்துக்கு வரமாட்டேன். பாதையில் ஓட்டுவது வேறு, பாதையை விட்டு இறங்குவது வேறு. இரண்டாவதற்கு அபராதம் இப்போது இருப்பதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்.

செம்மண்சாலை:

நன்றி. ஆற்றுக்குள் கேட்கும் சத்தத்தைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை, அந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் ஒன்று. அங்கே இருக்கும் பாதைகளில் பல 1950களில் யுரேனியம் தேடியவர்கள் புல்டோசர் வைத்துப் போட்டவை. மண்ணின் தோல் அங்கே அன்றைக்கே போய்விட்டது. அப்படிப்பட்ட பாதையையும் எதற்கு மூட வேண்டும்? வயதானவர்களுக்கு விளிம்பு வரை ஒரு சில பாதையாவது விட்டு வைக்கலாமே?

துடுப்பு:

உங்கள் மாமனாருக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. யுரேனியக்காரர்கள் போட்டதால் மட்டும் ஒரு பாதை நல்ல பாதை ஆகிவிடாது, அவர்கள் காட்சிக்காகப் போடவில்லை, பாதி எங்கோ போய் முட்டி நிற்கும். ஒரே விளிம்புக்கு நாலு பாதை போனால் ஒன்றை விட்டு மூன்றை மூடலாம், மண்ணும் மெல்ல மீளும். எந்த ஒன்றை விடுவது என்பதில்தான் சண்டை. திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது 'எல்லாவற்றையும் திற' என்று எழுதாமல், பாதையின் எண்ணைப் போட்டு, முதியவர்கள் போக இது ஏன் தேவை என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் நானும் ஆதரித்து எழுதுவேன்.

மணல்காற்று:

அடுத்த முறை போகும் முன் ஒன்று. 2023 ஜனவரி முதல் யூட்டாவில் பொது நிலத்தில் ஓஎச்வி (சைடு-பை-சைடு மாதிரியான வண்டிகள்) ஓட்டும் எல்லோரும், வெளி மாநிலத்தவரும், ஒரு பாடத்தை முடித்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆன்லைனில் இலவசம், ஒரு தடவை முடித்தால் போதும். வாடகை வண்டிக்கு என்ன என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம் பிஎல்எம் மோவாப் அலுவலகத்தின் புது வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கேன்யனுக்குள் சிக்னல் கிடைக்காது.