அத்தை கட்டும் விளக்குமாறு

வீட்டிலேயே விளக்குமாறு கட்டுபவர்கள் இங்கே எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. என் கணவர் வீட்டில் மாமனாரின் அம்மா காலத்திலிருந்தே தென்னை ஓலையில் ஈர்க்கு எடுத்து அவர்களே கட்டிக்கொள்கிறார்கள். எனக்குச் சொல்லித்தந்தது மாமியார்.

மட்டையின் நடுப்பகுதி ஓலையில்தான் ஈர்க்கு நல்ல நீளமாக இருக்கும், நுனிப்பக்க ஓலையில் குட்டைதான். தானாகக் காய்ந்து விழுந்த மட்டையாக இருந்தால் ஒவ்வொரு ஈர்க்கையும் வளைத்துப் பார்ப்பார், ஏனென்றால் மழையில் கிடந்தது பட்டென்று ஒடிந்துவிடும். பச்சை ஓலை சீவுவதற்குச் சுலபம். ஆனால் சீவிய கையோடு கட்டிவிடக் கூடாது, வெயிலில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். பச்சையாகவே கட்டினால் அப்புறம் ஈர்க்கு சுருங்கி, கட்டு தளர்ந்து, பெருக்கப் பெருக்கக் குச்சி உருவிக்கொண்டு வரும்.

ஒருநாள் நான் கட்டியதை எடுத்துப்போய் "இது போதுமா அத்தை?" என்று கேட்டேன். வாங்கி இரண்டு கையாலும் முறுக்கினார். "உள்ள குச்சி நகருது பாரும்மா, ஒரு ஆப்பு இறக்கு" என்றார். அடியைத் தரையில் தட்டிச் சமமாக்கி, கயிற்றை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகு, கூராகச் சீவிய குச்சி ஒன்றைக் கட்டின் நடுவே அடித்து இறக்கினால் மொத்தமும் கல் மாதிரி இறுகிவிடும். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பூந்துடைப்பம் வேறு சமாச்சாரம். அது மேகாலயா மாதிரி வடகிழக்கு மலைப்பகுதிகளில் வளரும் ஒரு புல்லின் பூங்கொத்து, காய்ந்த தரைக்குத்தான் சரி. ஈர்க்கு விளக்குமாறு அப்படியில்லை, ஈரத்துக்கும் வாசலுக்கும் தாங்கும். நுனி தேய்ந்து குட்டையான பிறகும் அத்தை அதைத் தூக்கிப் போடுவதில்லை, அவிழ்த்து இறுக்கிக் கட்டி, தரையைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வைத்துக்கொள்வார். ஒரு பொருளைக் கடைசிவரை பயன்படுத்துகிற அந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கயிறு விஷயத்தில் நாங்கள் தேங்காய் நார்க்கயிறு கட்சி. நைலான் வழுக்கும், நார்க்கயிற்றின் சொரசொரப்பு ஈர்க்கைப் பிடித்துக்கொள்ளும். கம்பி போட்டுக் கட்டுகிறவர்கள் இருந்தால், கையைக் கிழிக்காதபடி முனையை எப்படி மடக்குகிறீர்கள் என்று சொல்லுங்களேன்.