"இது என்ன மருந்து சிஸ்டர்?" என்று கேட்பது தப்பா?

குளச்சல்காரன்:
போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சிஸ்டர் டிரேயோடு வந்து "மேரியா?" என்றார், பாதித் தூக்கத்தில் அம்மா "ம்" என்றார்கள், உடனே கையில் குத்தியிருந்த வென்ஃப்ளானை, அதுதான் நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாயை, திறந்தார். எனக்கு என்னவோ தோன்றி "இது என்ன மருந்து சிஸ்டர், டாக்டர் ராத்திரி ஊசி சொல்லலையே" என்று கேட்டேன். "எல்லாம் டாக்டர் எழுதினதுதான், நீங்க வெளியே நில்லுங்க" என்று பதில். விடாமல் கேட்ட பிறகுதான் கேஸ் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தார். எதிர்க் கட்டிலிலும் ஒரு மேரி, ஊசி அவங்களுக்கு. எங்கள் கடற்கரைப் பக்கம் எந்த வார்டில் போய் மேரி என்று கூப்பிட்டாலும் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இது அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாததா? அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, போகட்டும். மறுநாள் "அந்தக் கேள்வி கேட்கிற பார்ட்டி" என்று எங்களைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது. அதுதான் ஆறவில்லை.

நைட்டூட்டி அக்கா:
பதினாலு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், இப்போது அரசு ஆஸ்பத்திரியில். அந்த சிஸ்டர் செய்தது தப்புதான், மறைக்கவில்லை. ஆனால் தம்பி, ராத்திரியில் நாற்பது பேருக்கு நான் ஒருத்தி. ஒரு கட்டிலில் டிரிப் தீர்ந்து ரத்தம் மேலே ஏறும், இன்னொன்றில் மூச்சுத் திணறல், நடுவில் ஒருவர் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டே "கூகுள்ல வேற மாதிரி போட்டிருக்கே" என்பார். எங்களை அடிக்கிறவர்களைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே சட்டம் வந்தாச்சு, அடி நின்றதா? எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றால் எட்டு மணி மருந்து பத்து மணிக்குத்தான் போகும். அதுவும் நோயாளிக்கு ஆபத்துதான்.

தக்கலை வக்கீல்:
அக்கா, நேரம் இல்லை என்பது புரிகிறது. அவசரமே இல்லாத இடத்தில் நடப்பதற்கு என்ன சொல்வீர்கள்? ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நோயாளி கட்டிலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்பார், கையெழுத்து மட்டும் மருமகனிடம் வாங்குவார்கள், ஃபாரத்தில் பாதி இடம் காலியாக இருக்கும். சமீரா கோலி வழக்கில் 44 வயதுப் பெண்ணை லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) பரிசோதனைக்காக மயக்கத்தில் வைத்திருந்தபோது, வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவ கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், நாலு நாள் அலைய விடுவார்கள்.

குலசேகரம் பெரியவர்:
இப்படிச் சட்டம் பேசிப் பேசித்தான் டாக்டர்கள் பயந்து தலைவலிக்கும் ஸ்கேன் எழுதுகிறார்கள். எங்கள் காலத்தில் டாக்டரை நம்பினோம், அவரும் நம்மைச் சொந்தப் பிள்ளையாகப் பார்த்தார்.

குளச்சல்காரன்:
ஐயா, எங்கள் அம்மாவும் நம்பித்தான் "ம்" சொன்னார்கள்.

நைட்டூட்டி அக்கா:
சரி, ஒன்று சொல்கிறேன். முன்பு தனியாரில் இருந்தபோது, மருந்து கலக்க டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்து நான் கையில் எடுத்தது பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல். அதை அப்படியே நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். உடைக்கும் முன் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இன்னொரு பிள்ளைக்கு இது நடக்கக் கூடாதே என்று நானே போய் நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரனிடம் சொன்னேன். மெமோ கொடுத்தார்கள், சம்பளத்தில் பிடித்தார்கள். தட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்டில் எவளும் வாய் திறக்கவில்லை.

தக்கலை வக்கீல்:
மெமோ கொடுத்தவர்களும் எங்களிடம் கேஸ் ஷீட்டை மறைக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தானே அக்கா. இதில் நீங்கள் ஏன் அவர்கள் பக்கம் நிற்கிறீர்கள்?

நைட்டூட்டி அக்கா:
நான் யார் பக்கமும் நிற்கவில்லை. ஆள் போடாமல் எங்கள் குணத்தை மட்டும் திருத்தச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. தம்பி, உன் அம்மா விஷயத்தில் நடந்த தப்பு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. "மேரியா?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாரும் "ம்" என்பார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்து, அட்மிட் பண்ணும்போது கொடுக்கிற ஐபி நம்பரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டில் நம்பரை நம்பக் கூடாது, ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டில் மாற்றுவோம். எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்ததுதான், அவசரத்தில் விட்டுவிடுகிறோம். இனி யாராவது டிரேயோடு வந்தால் நீயே முந்திக்கொண்டு பேரையும் நம்பரையும் சொல்லு, மருந்துப் பேரைக் கேளு, நான் கோபப்பட மாட்டேன். வீடியோ மட்டும் எடுக்காதே. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் சேலை விலகினது தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பாள், அவளும் நோயாளிதான்.