அம்மாவின் நகத்தை எப்படிப் படம் பிடிப்பது?

செம்பனைக்காரி (சுங்கை சிப்புட், மலேசியா):
அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் 19 ஆண்டுகள் மருந்தடித்தார். முதுகில் 16 லிட்டர் தொட்டி, கையில் கிழிந்த உறை. அது பேரகுவாட் என்ற களைக்கொல்லி; அந்தப் பெயரே அவருக்குத் தெரியாது, வெறும் 'மருந்து'தான். வலது கட்டைவிரல் நகம் இன்றும் வெள்ளைக் கோடுகளோடு நெளிந்தே வளர்கிறது. இதை ஆவணப்படமாக்க ஆசை. ஆனால் கேமராவைக் கண்டதும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறார். என்ன செய்யலாம்?

பழைய டிரெஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்):
மகளே, முதலில் தோல் மருத்துவரிடம் காட்டு. பேரகுவாட் நகத்தைக் கெடுக்கும், உண்மைதான்; பூஞ்சையும் கெடுக்கும். தெரியாமல் படத்தில் சொல்லிவிடாதே. மலேசியாவில் பேரகுவாட்டுக்கு வந்த தடையின் கதையையும் சேர்த்துக்கொள்: 2002இல் அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1இல்தான் முழுத் தடை. பேரகுவாட்டைக் குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்து இன்றுவரை இல்லை.

கவிதா அக்கா:
வெட்கத்தை ஏன் விரட்டுகிறாய், தங்கச்சி? இந்தியாவின் ஹாப்பூர் பெண்களின் நாப்கின் தயாரிப்பைப் பற்றி ராய்கா செஹ்தாப்சி எடுத்த 26 நிமிடப் படம் 2019இல் ஆஸ்கர் வாங்கியது. மாதவிடாய் என்றதும் பெண்கள் நெளிந்து சிரிப்பதில்தான் படமே தொடங்குகிறது. கையை ஒளிக்கும் முந்தானையையே படம் பிடி. நெத்திலி கிள்ளும்போது பக்கத்தில் உட்கார்; முதல் நாள் குரலை மட்டும் பதிவு செய்.

செம்பனைக்காரி:
நேற்று அரைக் கிலோ நெத்திலி கிள்ளினோம். கை வெளியே வந்துவிட்டது. "மண்டோர் (தோட்டக் கங்காணி) பெயரை மட்டும் போடாதே" என்றார். டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறோம்.