கண்காட்சி ஸ்டாலில் ஏஆர் விளையாட்டு: ஆப்பா, பிரவுசரா?

கல்லணைக்கால்:
மே மாதம் தஞ்சாவூரில் விவசாயக் கருவிக் கண்காட்சி. ஸ்டால் 3×3 மீட்டர், தகரக் கொட்டகை. நடவு இயந்திரத்துக்கு ஒரு ஏஆர் (கேமரா காட்சியின் மேல் கணினிப் படம் சேர்க்கும்) விளையாட்டு வைக்கிறோம்: போனை பேனர் பக்கம் நீட்டினால் வயல் விரியும், 45 நொடியில் வரிசை பிசகாமல் நட வேண்டும். வருகிறவர்களிடம் பெரும்பாலும் விலை குறைந்த போன்தான். ஆப் போடச் சொல்லலாமா? பேனருக்குக் கோலம் நினைத்திருக்கிறோம்.

வெண்ணாறு:
பிரவுசர்தான். கூட்டத்தில் நின்று ஆப் இறக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பிரவுசரிலேயே ஏஆர் காட்டும் வெப்எக்ஸ்ஆர் வசதியை நம்ப வேண்டாம். ஐபோன் சஃபாரியில் கிடையாது, ஆண்ட்ராய்டிலும் கூகுளின் ஏஆர் சேவையான ஏஆர்கோர் உள்ள போனில்தான் ஓடும். படத்தை அடையாளம் காணும் மைண்ட்ஏஆர் என்ற மென்பொருள் போதும், இலவசம். பக்கம் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைய முகவரி) இல்லையென்றால் கேமரா திறக்காது. 3டி மாதிரி, ஒலி எல்லாம் சேர்த்து 5 எம்பிக்குள் அடக்குங்கள்.

கோலம் வேண்டவே வேண்டாம். ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருவதால் எந்த மூலை எது என்று மென்பொருளுக்குப் பிடிபடாது, வயல் நடுங்கும். இயந்திரத்தின் போட்டோவையே போடுங்கள்: சக்கரம், லீவர், எழுத்து என்று பிடிமானம் நிறைய. பளபளக்கும் ஃப்ளெக்ஸில் விளக்கு பட்டால் படம் வெளுத்துவிடும். பளபளக்காத மேட் வினைல் கேளுங்கள். 6 அடி தள்ளி நிற்பவருக்கு 2 அடிப் படமும், 7 அங்குல க்யூஆரும் போதும்.

குடமுருட்டி:
அண்ணே, நெட்வொர்க்கையும் பாருங்க. தகரக் கூரை, போதாததற்குக் கூட்டம், 4ஜி திணறும். சின்ன லேப்டாப்பில் சர்வர், ஒரு வைஃபை ரவுட்டர். எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழுக்கு சொந்த டொமைன் (இணையப் பெயர்) எடுத்து டிஎன்எஸ் (அந்தப் பெயரின் முகவரிப் பதிவு) வழியாகச் சரிபார்த்து வாங்கி, ரவுட்டரில் அந்தப் பெயரை லேப்டாப் முகவரிக்குத் திருப்பிவிடுங்க. நாமே உருவாக்கிய சான்றிதழ் என்றால் சிவப்பு எச்சரிக்கை வந்து ஆள் ஓடிப்போவார். இணையம் இல்லாத வைஃபையை விட்டு ஆண்ட்ராய்டு தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். அதனால் ரவுட்டருக்கு மெல்லிய இணைப்பாவது வேண்டும். போன் கொண்டுவராதவர்களுக்கு 2 டேப்லெட். ஆட்டம், கைமாற்றம் சேர்த்து 90 நொடி என்றால் ஒரு டேப்லெட்டில் மணிக்கு 40 பேர்தான். வெயிலில் சூடேறினால் ஆட்டம் மந்தமாகும், ஒரு ஃபேன் திருப்பி வையுங்க.

வயல்வரப்பு:
விளையாட்டில் நாற்றை முடிச்சு முடிச்சாகக் காட்டினால் நம் ஊர் விவசாயி அங்கேயே தள்ளிவைத்துவிடுவார். இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் (பாய் போலச் சுருட்டி எடுக்கும்படி வளர்த்த நாற்று) வேண்டும், 14 முதல் 18 நாள் நாற்று. வரிசை இடைவெளி உங்கள் மாடலில் 30 செ.மீ. என்றால் ஆட்டத்திலும் அதே. தவறவிட்ட குத்துக்கு மதிப்பெண் குறையட்டும். இயந்திரம் எதைச் சரிசெய்கிறது என்று கை வழியாகவே புரியும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், குறுவை நெல் சாகுபடி ஏற்பாடு மே மாதமே ஓடும். எனவே ஸ்கோர் வந்ததும் 'வயலில் ஓட்டிக் காட்ட வேண்டுமா?' என்று ஒரே கேள்வி, ஊர் பெயர், எண். எதற்கு வாங்குகிறோம் என்று தமிழில் எழுதி, சம்மதம் பெற்ற பிறகே. பரிசு தலையாட்டி பொம்மை போதும்.

கல்லணைக்கால்:
கோலத்தை விட்டுவிட்டோம். பேனரை மேட் வினைலில் 2 அடிக்கு அச்சிட்டு, விலை குறைந்த மூன்று சாதாரண போன்களில் கொட்டகை வெளிச்சத்திலேயே சோதிக்கிறோம். பாய் நாற்றைப் படத்தில் மாற்றச் சொல்லியாயிற்று.