இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக்: பிரேம் நம்பரும் என்ஜின் நம்பரும் பார்த்த அனுபவங்கள்

பழைய டுகாட்டி வாங்கும்போது, வண்டி அசலா என்று எண்ணை வைத்துப் பார்க்கையில் ரொம்பப் பேர் தடுமாறுவது டிஜிஎம் நம்பரில்தான். பிரேமில் "டிஜிஎம்" என்று தொடங்கி "ஓஎம்" என்று முடியும் ஒரு எண் இருக்கும். இத்தாலியப் போக்குவரத்துத் துறை அந்த மாடலுக்கே கொடுத்த அங்கீகார எண் அது. அந்த மாடல் வண்டி எல்லாவற்றிலும் ஒரே எண்தான். விற்பவர் அதை மட்டும் படம் எடுத்து "சேசிஸ் நம்பர்" என்று அனுப்பினால், தனி வண்டி எண் தெரியும்படி இன்னொரு படம் கேளுங்கள்.

போலி அதிகம் நடமாடுவது 1974 ரவுண்ட் கேஸ் (என்ஜின் மூடி உருண்டையாக இருக்கும்) 750 சூப்பர் ஸ்போர்ட்டில். செய்ததே சுமார் 400 வண்டி. சாதாரண 750 ஜிடி, 750 ஸ்போர்ட் பிரேமில் டிஎம்750எஸ் என்று இருக்கும். சூப்பர் ஸ்போர்ட்டில் டிஎம்750எஸ்எஸ். ஒரே ஒரு எஸ் பன்ச் கூடுதலாக அடித்தால் முன்னெழுத்து மாறிவிடும். அதனால் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அசல் சூப்பர் ஸ்போர்ட்டில் அந்த ஆறு இலக்க எண் 075 என்று தொடங்கும், பிரேமிலும் சரி, என்ஜினிலும் சரி. ஜிடி, ஸ்போர்ட் எண்கள் 75 என்று தொடங்கும். டெஸ்மோ ஹெட் (வால்வை மூடவும் நெம்புகோல் பயன்படுத்தும் சிலிண்டர் ஹெட்) மாட்டி, டேங்க் மாற்றி, பெயிண்ட் அடித்த வண்டி கண்ணுக்கு அச்சு அசலாக இருக்கும். கிராங்க்கேஸில் (என்ஜினின் அடிக்கூட்டில்) அடித்த அந்த எண்ணின் முதல் இலக்கம் பூஜ்யமா ஏழா என்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. இந்த டுகாட்டிகளில் பிரேம் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒரே எண்ணாக வரவில்லை. "மேட்சிங் நம்பர்" (இரண்டு எண்ணும் ஒன்று) என்று சொல்லி விலை ஏற்றினால் சந்தேகப்படுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் யாராவது அடித்திருக்கலாம் என்று நினைத்துக் கவனமாகப் பாருங்கள்.

* * *

மேலே எழுதிய அண்ணன் சொன்னது டுகாட்டிக்குச் சரி. லாவெர்டா 750-இல் கதை நேர் எதிர். லாவெர்டாவின் பிரேகான்ஸே தொழிற்சாலையிலிருந்து வந்த ட்வின் (இரட்டை சிலிண்டர்) வண்டிகளில் பிரேம் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றே. ஒத்துப்போகவில்லை என்றால் என்ஜினோ பிரேமோ மாறியிருக்கிறது. எஸ்எஃப்சி (750 எஸ்எஃப்பின் ரேஸ் வடிவம்) என்று விற்கப்படும் ஆரஞ்சு வண்டியின் எண் 5000, 8000, 11000, 16000, 17000, 18000 தொகுதிகளுக்குள் விழ வேண்டும். இடைப்பட்ட எண் என்றால் அது எஸ்எஃப்சி அல்ல. தொகுதிக்குள் விழுந்தாலே எஸ்எஃப்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த எண்ணை எவரும் அடிக்கலாம்.

மோட்டோ குஸ்ஸி சுலபம். வி7 ஸ்போர்ட்டுக்கு விகே, 850 லே மான்ஸுக்கு விஇ. எண் வரிசை 11111-இல் தொடங்கும். அந்த ஐந்து ஒன்றைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். எம்வி அகுஸ்டா 750 ஸ்போர்ட் என்ஜின் 214 என்றும், 750 எஸ் அமெரிக்கா 221 என்றும் தொடங்கும்.

* * *

டுகாட்டி 900 எஸ்எஸ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜினில் டிஎம்860 என்று இருப்பதைப் பார்த்து "860 என்ஜினைப் போட்டுவிட்டார்கள்" என்று பலர் விலகிப்போகிறார்கள். 86 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 74.4 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), இரண்டு சிலிண்டரும் சேர்த்து மொத்தம் 864 சிசி. அதனால்தான் 860. பழைய பெவல் (கேம்ஷாஃப்டைக் கோணப் பற்சக்கரம் சுழற்றும்) 900 எஸ்எஸ் வரிசை 086001-இல் தொடங்குகிறது.

புது டுகாட்டிகளில் என்ஜின் எண்ணே விவரம் சொல்லும். இசட்டிஎம்916டபிள்யூ4 (ZDM916W4) என்றால் 916 சிசி, தண்ணீர் கூலிங், சிலிண்டருக்கு நான்கு வால்வு. 904ஏ2 என்றால் ஏர் கூலிங், இரண்டு வால்வு. 748-உம் 916-உம் வெளியே பார்க்க ஒரே உடம்பு. ஸ்டிக்கரை நம்பாமல் இந்த எண்ணைப் படியுங்கள்.

17 இலக்க விஐஎன்-இல் (வண்டியின் அடையாள எண்ணில்) முதல் மூன்று எழுத்து: டுகாட்டி இசட்டிஎம் (ZDM), அப்ரிலியா இசட்டி4 (ZD4), குஸ்ஸி இசட்ஜியூ (ZGU). அமெரிக்காவுக்குப் போன வண்டியில் பத்தாவது எழுத்து மாடல் வருடம்: 1995 எஸ், 1996 டி (T), 1997 வி, 1998 டபிள்யூ, 1999 எக்ஸ், 2000 ஒய், 2001 ஒன்று. ஐரோப்பிய வண்டியில் அந்த இடத்தை வருடமாகப் படித்தால் தப்பாகப் போகும், அங்கே அது கட்டாயமில்லை. அப்ரிலியா ஆர்எஸ்வி மில்லேயின் என்ஜின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் செய்தது, எனவே பிரேம் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

* * *

எண்ணைப் படிக்கும் முன் அது அடிக்கப்பட்ட இரும்பைப் படியுங்கள். மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்து, தேவைப்பட்டால் மெல்லிய பித்தளை பிரஷ். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தொழிற்சாலை அடித்த தடயமே போய்விடும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கிரைண்டர் கோடு, வெல்டிங் மேடு, எண்ணைச் சுற்றி மட்டும் பள்ளமான பரப்பு எல்லாம் நிழலாக எழும்பும். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, அதே வருட வண்டியின் படத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 3, 4, 7 ஆகியவற்றின் வடிவத்தில் வித்தியாசம் சட்டென்று தெரியும். கையால் அடித்த எண் சற்றுக் கோணலாக இருப்பது இயல்பு. ஓர் எழுத்து மட்டும் மற்றவற்றைவிடக் கூர்மையாக, ஆழம் மாறி இருந்தால்தான் கவலை.

கிராங்க்கேஸில் எண்ணே இல்லாவிட்டாலும் உடனே திருட்டு என்று சொல்ல முடியாது. மாற்று கிராங்க்கேஸ் எண் இல்லாமல் வெறுமையாகவும் கிடைத்தது. அப்படியானால் அதை வாங்கிய பில், பழைய கேஸ் உடைந்த படம், இரண்டையும் கேளுங்கள். இத்தாலிய நம்பர் பிளேட் இருக்கும் வண்டி என்றால் பிஆர்ஏ (இத்தாலியின் பொது வாகனப் பதிவேடு) பதிவேட்டில் பிளேட் எண்ணைக் கொடுத்து "விசுரா" (பதிவு விவர நகல்) எடுத்து, பிரேம் எண்ணை அதோடு சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.