ரூப்ரிக்குக்கு ஒரு தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

சுங்கை சிப்புட் ஆசிரியை (திங்கள் இரவு)

அவையோர்க்கு வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் வட்டாரத் தமிழாசிரியர்களுக்கு, இலக்கிய விடைகளை மதிப்பிடுவது குறித்துப் பட்டறை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஒரு சொல்லின் இடம் மட்டும் காலியாகவே கிடக்கிறது.

மலாயைப் பின்பற்றி நாம் ‘ரூப்ரிக்’ என்கிறோம். இடப்பக்கத்தில் புரிதல், சான்று காட்டல், நயமுணர்தல், மொழி எனக் கூறுகளை வரிசைப்படுத்தி, மேலே நிலைகளைக் குறித்து, அந்தந்த நிலைக்குரிய விடை எப்படி இருக்கும் என்பதைக் கட்டத்துக்குக் கட்டம் ஓரிரு தொடர்களில் விவரிக்கும் அட்டவணை அது. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், படிவம் 3 மாணவர் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு நிலைகளில் ஒரு மாணவரின் இடம் எது என்பதை ஆசிரியரே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், இந்த அட்டவணை இல்லாமல் இனி வேலை ஓடாது.

என்னை இதில் இறக்கிவிட்ட விடைத்தாளையும் சொல்லிவிடுகிறேன். படிவம் 4 மாணவர்களுக்குக் குறுந்தொகையின் 40ஆம் பாட்டைக் கொடுத்து, ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்னும் உவமையின் பொருத்தத்தை விளக்கச் சொன்னேன். ஒரு மாணவன், செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் மழைக்குப் பின் ஓடும் சிவந்த நீரைப் பற்றி எழுதிவிட்டு, “அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் மண் அடியில் தங்கிவிடும், பாட்டில் வரும் தண்ணீரை யாரும் பிடித்து வைக்கவில்லை” என்று முடித்திருந்தான். உவமை, உவமேயம் என்னும் சொற்களை அவன் எங்குமே எழுதவில்லை. பத்துக்கு நான் எட்டுப் புள்ளி கொடுத்தேன். உடன் திருத்திய ஆசிரியர் மூன்று கொடுத்தார். இருவரும் எதை அளந்தோம் என்று எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. சொல் ஒன்று தாருங்கள்.

கிள்ளான் மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய் காலை)

அம்மா, ‘மதிப்பீட்டு அளவுகோல்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் கணிதப் பாடத்தில் மாணவர் கையில் பிடிப்பதும் அளவுகோல், நிலப்படத்தின் மூலையில் இருப்பதும் அளவுகோல், ஒருவரைத் தேர்ந்தெடுக்க வைக்கும் தகுதியும் அளவுகோல். நான்காவது சுமையையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

வேரைப் பார்த்தால் வழி பிறக்கும். இலத்தீனில் ‘ரூப்ரிகா’ என்பது செங்காவி மண். பழைய வழிபாட்டு நூல்களில் ஓதுவதைக் கருப்பு மையிலும், எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்னும் குறிப்புகளைச் சிவப்பு மையிலும் எழுதினார்கள். அந்தச் சிவப்பு எழுத்தின் பெயரே பின்னர் வழிகாட்டும் விதிக்கும், அதிலிருந்து மதிப்பீட்டு அட்டவணைக்கும் வந்தது. செம்மண்ணைப் பற்றிய விடையைத் திருத்தப் போய், செம்மண்ணைப் பெயராகக் கொண்ட அட்டவணையில் ஆசிரியை வந்து நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே முதலில் ‘செவ்வரி’ என்று வைக்க நினைத்தேன். ஆனால் தமிழில் செவ்வரி தலைவியின் கண்ணில் ஏற்கெனவே ஓடிவிட்டது; அதை விடைத்தாளுக்கு இழுத்து வருவது முறையன்று. தரத்தைச் சொல்லும் வரி என்ற பொருளில் ‘தரவரி’ என்பதை முன்வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோல கங்சார் (செவ்வாய் மாலை)

தரவரி என்பது தரத்தின் வரியா, தரவின் அரியா? ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று, முற்றியலுகரமும் சில இடங்களில் கெடுவதற்கு நன்னூல் இடம் கொடுத்திருப்பதால், கதவு என்பது அழகோடு சேர்ந்து கதவழகு ஆவதைப் போல, தரவு என்பதும் அரியோடு சேர்ந்து தரவரி ஆகும். அரி என்றால் வடிகட்டி. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கியதும் அதே நன்னூல்தான். ஆசிரியரின் கருவிக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

உண்மையில் இந்த அட்டவணை நமக்குப் புதியதன்று. அன்னமும் ஆவும் தலை, மண்ணும் கிளியும் இடை, இல்லிக்குடமும் (ஓட்டைக் குடமும்) ஆடும் எருமையும் நெய்யரியும் கடை என்று மாணாக்கருக்கு மூன்று நிலைகளை வகுத்து, நிலைதோறும் விளக்கத்தையும் உவமையாகவே வைத்திருக்கிறார் நன்னூலாசிரியர் பவணந்தியார். சொல்லும் நம்மிடமே இருக்கிறது. ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்பது 505ஆம் குறள்; கட்டளைக் கல் என்றால் உரைகல். கட்டளை என்றால் ஏவல் மட்டும் அன்று, வரையறுத்த அளவு. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்று ஒற்று நீக்கி எண்ணிப் பாடுவதால்தான் அந்தக் கலித்துறை கட்டளைக் கலித்துறை ஆயிற்று. ரூப்ரிக் என்பதற்குக் ‘கட்டளை’ என்றே எழுதுங்கள்.

பாடாங் செராய் இளம் ஆசிரியர் (செவ்வாய் இரவு)

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘கட்டளையைப் பின்பற்றி விடையெழுதுக’ என்று வினாத்தாளில் அச்சிட்டால், மாணவர் அதை ஏவலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கணினி வகுப்பிலும் கட்டளை என்பதற்கு அதுதான் பொருள். கோயில் கட்டளையை நான் சொல்லவே இல்லை.

ரூப்ரிக்கை அப்படியே விட்டுவிட்டால் என்ன? பால் மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கட்டிய கிண்ணத்தை நம் பாட்டனார் மலாயிலிருந்து எடுத்து ‘மங்கு’ என்றார். யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் எல்லாரும் சொல்லும் சொல்லைக் கையேட்டில் மட்டும் மறைப்பதால் யாருக்குப் பயன்? மகிழுந்து என்று கட்டுரையில் எழுதும் என் மாணவர்கள், வாசலில் நிற்பதைக் கார் என்றுதான் சொல்கிறார்கள்.

கோல கங்சார் (புதன் அதிகாலை)

மங்கு தமிழ் ஒலியில் வந்தது, அதனால் தங்கியது. ரகரம் தமிழில் மொழிமுதல் வாராது. ‘ப்ரி’ என்னும் மெய்ம்மயக்கத்துக்கும் நம் எழுத்தியலில் இடமில்லை. முறைப்படி எழுதினால் ‘உருப்பிரிக்கு’ என்றுதான் எழுத வேண்டும்.

கிள்ளான் (புதன் காலை)

ஐயா, விளையாட்டாகச் சொன்னாலும் நீங்கள் தங்கத்தைக் கிளறிவிட்டீர்கள். உரு + பிரி: ஒரு விடையின் உருவைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டுவது. ‘உருப்பிரி’! ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது.

பாடாங் செராய் (புதன் காலை)

அதை என் மாணவர்கள் ‘உருப்படாது’ என்றே படிப்பார்கள்.

சுங்கை சிப்புட் ஆசிரியை (புதன் இரவு)

அனைவருக்கும் நன்றி. மற்றொன்று விரித்தல் நூலுக்கு நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் ஒன்று என்பதை அவைக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

ஐயாவின் நன்னூல் மேற்கோளை நேற்று மாலையிலிருந்து மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்னம் முதலாகச் சொன்ன உவமைகள் எல்லாம் மாணாக்கனைத் தரம் பிரிக்கின்றன. எனக்கு வேண்டியதோ விடையைத் தரம் பிரிக்கும் கருவி. இந்த வேறுபாடு சிறியது போலத் தோன்றினாலும், என்னைப் பொறுத்தவரை பட்டறையே இதற்காகத்தான். ஒருவனை இல்லிக்குடம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஆண்டு முழுவதும் அவன் இல்லிக்குடம்தான். ‘உவமையைத் தன் பட்டறிவோடு பொருத்தியிருக்கிறான், ஆனால் பாட்டின் அடியைச் சான்றாகக் காட்டவில்லை’ என்று எழுதினால், அடுத்த வாரம் அவன் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. ஐயாவின் நூலிலேயே எனக்கு உதவுவது மாணாக்கர் இலக்கணம் அன்று, நூலுக்குச் சொன்ன பத்து அழகு. என் மாணவனின் வாளித் தண்ணீர் ‘விளங்கு உதாரணத்தது ஆகுதல்’ என்பதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அழகு என்றால் உண்டு அல்லது இல்லை. பாதி உண்டு என்பதை அந்தச் சூத்திரம் சொல்வதில்லை. அந்தப் பாதியைச் சொல்லத்தான் இந்த அட்டவணை.

என் சக ஆசிரியர் மேலும் நான் குறை சொல்லவில்லை. அவர் கலைச்சொற்களைத் தேடினார், அவை இல்லை. நான் பாட்டைப் படித்த அடையாளத்தைத் தேடினேன், அது இருந்தது. இருவர் தேடியதும் வேறு வேறு கட்டங்களில் எழுதியிருந்தால் சண்டைக்கு இடமே இல்லை. ஆகவே பெயரிலும் ‘இங்கே விவரிப்பு இருக்கிறது’ என்னும் குறிப்பு வேண்டும் என்று நினைக்கிறேன். செம்மண்ணும் உரைகல்லும் அதைச் சொல்லவில்லை.

கோல கங்சார் (வியாழன் காலை)

அம்மா சொன்னதை ஏற்கிறேன். மாணாக்கன் வேறு, விடை வேறு. என் தந்தையார் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். புகையூட்டிய ரப்பர் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி, அழுக்கு, பூஞ்சணம் ஆகியவற்றைப் பார்த்து, ஆர்.எஸ்.எஸ். (வரியிட்டுப் புகையூட்டிய தகடு) 1 முதல் 5 வரை பிரிப்பார்கள். எந்தத் தரத்துக்கு எவ்வளவு குமிழி பொறுக்கலாம் என்பதற்கு எழுதிய விளக்கம் உண்டு; பாலுக்காக மரம் வெட்டியவர் யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்தக் கூடத்தில் வழங்கிய சொல் தரம். இதை உங்கள் பட்டறையில் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் கட்டளையை நான் விடுவதாக இல்லை.

சுங்கை சிப்புட் ஆசிரியை (வியாழன் நள்ளிரவு)

ஐயா சொன்ன ரப்பர் தகட்டைக் கையேட்டின் முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். அதிலிருந்தே ‘தரவிளக்கம்’ என்னும் சொல்லையும் எடுத்துக்கொண்டேன். அட்டவணை முழுவதும் தரவிளக்கம். இடப்பக்கத்தில் இருப்பவை கூறுகள். கட்டத்துக்குள் இருப்பது விவரிப்பு. தனிமடலிலும் இங்கேயுமாக ஐவர் இதற்கு உடன்பட்டார்கள், இருவர் கட்டளை என்றார்கள், பாடாங் செராய் ஆசிரியர் ரூப்ரிக்கிலேயே நிற்கிறார். அவருக்காக முதல் பக்க அடிக்குறிப்பில் ஒரு முறை அதையும் எழுதியிருக்கிறேன். சிலர் உறங்கப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த விடைத்தாளைப் புது அட்டவணையை வைத்துக்கொண்டு இருவரும் மீண்டும் திருத்தினோம். எனக்கு ஏழு வந்தது, அவருக்கு ஆறு. சான்று காட்டல் என்னும் கூற்றில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கோல கங்சார் (வெள்ளி, காலை 6 மணி)

அச்சுக்குப் போகும் முன் ஒரு சொல். தரவிளக்கம் என்பது தர விளக்கம் என்று மட்டும் பிரியாது; தரவு + இளக்கம் என்றும் பிரியும். குறைந்தது நடுவில் இடைவெளியாவது விடுங்கள். எனக்கு அனுப்பும் படியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டால், நானே கட்டளை என்று எழுதிக்கொள்கிறேன்.